எஜெக்டரைக் குற்றம் சொல்லாதீர்கள்

தாத்தா காலத்து ஒற்றைத் தோட்டா ரைஃபிளை லைசென்ஸோடு வைத்திருக்கும் குடும்பங்கள் குன்னூர், கோத்தகிரி பக்கம் இன்னும் சில உண்டு. எப்போதாவது ரேஞ்சில் சுட்டுப் பார்க்கும்போது காலிக் கூடு வெளியே வராவிட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எஜெக்டர் போயிடுச்சு." உடனே ஸ்பிரிங் மாற்றவும் கொக்கியை அரத்தால் ராவவும் கிளம்பிவிடுகிறார்கள். என் கட்சி வேறு. பெரும்பாலும் எஜெக்டர் நிரபராதி. குற்றவாளி, தோட்டா உட்காரும் சேம்பர்.

வெடிக்கும்போது பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி விடுபடும். சுவரில் துருக்குழி இருந்தால் பித்தளை அதற்குள் பிதுங்கிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் என்ன இழுத்தாலும் கூட்டின் விளிம்புதான் கிழியும். 1885-இல் சூடானில், அபு க்ளியா சண்டையில், பிரிட்டிஷ் சிப்பாய்களின் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் இப்படித்தான் சிக்கிக்கொண்டன. அங்கே தகட்டைச் சுருட்டிச் செய்த பலவீனமான கூடும் மணலும் காரணம். இங்கே காரணம் ஈரம்.

ஈரம் மட்டும் அல்ல, உப்பும்தான். பழைய தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகப் படியும். சமையல் உப்புக்குப் பங்காளி. ஜூலை மாதத்தில் ஊட்டி வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. (அருவங்காட்டு கார்டைட் ஃபேக்டரியை அறிந்த நம்மவர்கள் துருவுக்கு கார்டைட்டைத் திட்டுவார்கள். பாவம், அதன் மேல் பழி.) எண்ணெயில் உப்பு கரையாது. அதனால்தான் அந்தக் காலத்துத் துரைமார் முதலில் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகுதான் எண்ணெய் போட்டார்கள். நாம் எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு வெந்நீரை மறந்துவிட்டோம்.

நோயைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கூடு சேம்பரை விட்டு நகரவே இல்லையென்றால் சேம்பரில் கோளாறு. சுலபமாக நகர்ந்து, ஆனால் எகிறி விழாமல் அப்படியே நின்றால்தான் எஜெக்டரைச் சந்தேகிக்கலாம். அதிலும் ஸ்பிரிங் ஒடிந்திருப்பதைவிட, வருஷக்கணக்கில் காய்ந்த எண்ணெய் வார்னிஷ் மாதிரி இறுகியிருப்பதுதான் அதிகம். நல்ல கொக்கியை ராவிவிட்டால் அந்தப் பழைய மாடலுக்கு மாற்றுக் கொக்கி எங்கே தேடுவது?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் கடமானைக் குறிவைக்கும் பேச்சே இல்லை, நல்லது. பின் எதற்கு இத்தனை அக்கறை என்று கேட்கலாம். உயிருள்ள தோட்டா உள்ளே சிக்கினால் வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து என்பதால்தான். குழல் வாய் வழியாகக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ளுகிற வீரம் வேண்டவே வேண்டாம். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா சில நொடி தாமதித்து வெடிப்பதுண்டு. குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே பொறுத்திருக்க வேண்டும். பிறகு லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்காரரைக் கேளுங்கள், பக்கத்து லேத் பட்டறையை அல்ல.

தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கியதும் முதல் வேலையாக சேம்பரைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். தோல் உறையில் போட்டு மட்டும் பீரோவில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.