எழுபது இடமா எம் தமிழுக்கு?

தமிழர்காள்! நிலத்தை அளக்கும் கோல் எவன் கையில் இருக்கின்றதோ, நாளடைவில் நிலமும் அவன் கைக்கே போய்விடுகின்றது. இக்காலத்தில் அக்கோலுக்குச் செந்தரம் என்று பெயர். எக்கருவி எக்கருவியொடு எவ்வாறு பேச வேண்டும், ஒரு செய்தி எத்துணை இடத்துள் அடங்க வேண்டும், அதில் எவ்வெழுத்துக்கு முதலிடம் என்றெல்லாம் வகுத்துரைக்கும் பொது அளவையே செந்தரம். தொலைத்தொடர்பில் அதனை வகுப்போர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர். கருவி செய்யும் நிறுமங்களும் இணைப்பு விற்கும் நிறுமங்களும் கூடி அமைத்துக்கொண்ட கூட்டமைப்பினரே. அவர்கள் தமிழுக்கு அளந்து வைத்த இடம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு தமிழனும் அறிந்தாக வேண்டும்.

கைப்பேசிக் குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியர் 1982-இல் தொடங்கிய பொதுக் கைப்பேசித் திட்டத்தில் பிறந்தது அது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1,120 பிட்டு. எழுத்தொன்றுக்கு 7 பிட்டு எனப் பகிர்ந்து 160 எழுத்துகளை அதில் அடக்கினர். அவ்வடிப்படை எழுத்துப் பட்டியலில் ஆங்கில எழுத்துகள் உண்டு. பிற ஐரோப்பிய மொழிகளின் குறியேறிய எழுத்துகள் உண்டு. கிரேக்கப் பேரெழுத்துகளிற் சிலவும் உண்டு. தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. தமிழில் எழுதுவோர்க்கு இடமொன்றுக்கு 16 பிட்டு கணக்கிடப்படும். எனவே, அவர்க்கு வாய்ப்பது 70 இடமே.

அந்த எழுபதும் முழுமையாக நமக்குக் கிட்டுவதில்லை. 'தமிழ்நாடு' என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்து ஐந்து. ஒருங்குறியோ புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணுவதால், அஃது 9 இடங்களைக் கவர்கின்றது. அச்சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் 9 இடமே. ஆயினும், ஒரு குறுஞ்செய்தியுள் ஆங்கில எழுத்தால் அதனை 17 முறை எழுதலாம். தமிழெழுத்தால் 7 முறையே எழுதலாம். கொடுமை இத்தோடு நின்றதா? ஆங்கிலச் செய்தியொன்றில் ஒரேயொரு தமிழெழுத்து நுழைந்தாலும் செய்தி முழுவதும் 70 இடத்துக்குச் சுருங்கிவிடுகின்றது. தீண்டாமை எழுத்திலும் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இதன் விளைவு வெறும் எண்ணிக்கையோடு முடிவதன்று. 150 இடம் கொள்ளும் செய்தி ஆங்கிலத்தில் ஒன்றாகவே போகும். தமிழிலோ மூன்று துண்டாகும். மொத்தமாகச் செய்தி விடுக்கும் வங்கியும் வணிகரும் துண்டுதோறும் கட்டணம் இறுக்க வேண்டும். மும்மடங்கு செலவு செய்து தமிழில் எழுத எந்த வணிகன் முன்வருவான்? ஆகவே, பணம் எடுக்கப்பட்ட செய்தி, கடன் தவணைச் செய்தி, எரிவளி உருளை வரும் செய்தி யாவும் ஆங்கிலத்தில் வந்து விழுகின்றன. தன் பணம் போன செய்தியைத் தானே படித்தறிய இயலாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கைப்பேசியை நீட்டி நிற்கின்றாள் தமிழ்த் தாய். இளைஞரோ ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் இழிவைப் பழகிக்கொண்டனர். அவ்விழிவுக்கு இந்த அளவுகோலும் ஒரு கரணியம்.

"இது பொறியியல், இதில் மொழிப்பகை எங்குளது?" என்று சிலர் வினவுவர். பகை இருந்ததாக நாம் கூறவில்லை. வகுத்தவர் தம் மொழிகளை எண்ணி வகுத்தனர். நம் மொழியை எண்ணுதற்கு அவ்விடத்தில் நம்மவர் இல்லை. "இணையவழிச் செயலிகள் வந்துவிட்டன, குறுஞ்செய்தி எதற்கு?" என்பர் வேறு சிலர். வங்கியின் கடவெண் இன்றும் குறுஞ்செய்தியாகவே வருகின்றது. இணையமில்லாப் பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் ஏழைக்கு அஃதொன்றே வழி.

மாற்றவே இயலாத அளவையா இது? அன்று. 1998-இல் அமைந்த மூன்றாம் தலைமுறைக் கூட்டுத் திட்டம் என்னும் உலகச் செந்தரக் கூட்டமைப்பு, தன் எட்டாம் வெளியீட்டில் துருக்கிய மொழிக்குத் தனி எழுத்துப் பட்டியல் தந்தது. அடுத்த வெளியீட்டில் தமிழ் உள்ளிட்ட பத்து மொழிகளுக்குப் பட்டியல் தந்தது. அதன்படி தமிழிலும் ஏறத்தாழ 150 இடம் பெறலாம். ஆனால் அப்பட்டியல் ஏட்டளவில் உறங்குகின்றது. தமிழ்ச்செய்தி பெரும்பாலும் பழைய எழுபதிலேயே உழல்கின்றது. கேட்டு வாங்கிச் செயற்படுத்துவார் இல்லையெனில் செந்தரமும் செத்த எழுத்தே.

கேட்டு வாங்க வேண்டிய தில்லி என்ன செய்தது? கைப்பேசிகளில் இந்திய மொழிகள் இருந்தாக வேண்டுமென 2016-இல் நடுவணரசு ஆணையிட்டது. அதன் செந்தரப்படி, 22 மொழிகளையும் படிக்க இயல வேண்டும். எழுதுதற்கோ ஆங்கிலமும் இந்தியும் கட்டாயம், பிற மொழிகளுள் ஏதேனும் ஒன்று போதும்! தமிழ்நாட்டில் விற்கும் கைப்பேசியிலும் இந்தி கட்டாயம். தமிழோ 'ஏதேனும் ஒன்று'. பள்ளியில் நாம் மறித்த இந்தி, செந்தரம் என்னும் புழைக்கடை வழியே நம் சட்டைப்பைக்குள் புகுந்துவிட்டது.

அவையில் அமர்ந்தோர் வெல்வதும் உண்டு. இந்தியத் தொலைத்தொடர்புச் செந்தரக் கழகம் முயன்றதன் விளைவாக, கோபுரங்களுக்கிடையே 6 கிலோமீட்டர் தொலைவுள்ள ஊர்ப்புறத்துக்கும் ஐந்தாம் தலைமுறை அலைபேசி முறை பயன்பட வேண்டும் என்பதை 2017-இல் உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றது. அம்முயற்சியில் சென்னைப் பொறியியல் அறிஞர்க்கும் பங்குண்டு. ஊர்ப்புறத்துக்காக வாதாடி வென்ற அறிவு, தமிழெழுத்துக்காக வாதாடின் தோற்குமோ?

திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலையில் நம் மகளிர் கைகளே கைப்பேசிகளைப் பூட்டின. அவற்றின் அடிப்படை எழுத்துப் பட்டியலில் அவர்கள் பெயரை எழுதத் தமிழெழுத்து இல்லை. இன்று பட்டாபிராமில் 330 கோடி உருபாச் செலவில் 21 மாடி டைடல் பூங்கா எழுந்து நிற்கின்றது. 2024 நவம்பர் 22-இல் திறக்கப்பட்டது. அயலான் வகுத்த அளவைக்கு அடங்கி அயலானுக்குப் பணியாற்றும் கூலிக்கூடமாக அஃது ஆகிவிடல் ஆகாது. அதன் ஒரு மாடியிலேனும் தமிழ்ச் செந்தரப் பணியகம் அமைக! தமிழ் இணையக் கல்விக்கழகமும் தமிழ்நாட்டு அரசும் செந்தரக் கூட்டமைப்புகளின் அவைகளில் தம் பொறியாளரை அமர்த்துக! உறங்கும் தமிழ்ப் பட்டியலைக் கைப்பேசிகளிலும் இணைப்புகளிலும் எழுப்புக! தமிழ்நாட்டு மக்களுக்கு விடுக்கும் செய்தி தமிழில் இருக்க வேண்டுமென்றும், அதற்கு ஆங்கிலச் செய்தியினும் மிகுந்த கட்டணம் கூடாதென்றும் நெறி வகுக்குமாறு தில்லியை நெருக்குக!

இளைஞர்காள்! மொழிப்போர் தெருவில் மட்டும் நிகழ்வதன்று. கதவடைத்த அறையில், எண்களின் நடுவே, ஓசையின்றியும் அது நிகழ்கின்றது. அவ்வறைக்குள் புகுமின்! அளவுகோலைப் பற்றுமின்! எழுபது இடத்துள் முடங்குதற்குப் பிறந்ததன்று எம் தமிழ்!