மறைப்பது முடியையா, நோயையா?

பெண்ணின் தாடையில் முளைக்கும் கறுத்த, தடித்த முடியை நம் ஊரில் முதலில் பார்ப்பவர் மருத்துவர் அல்லர். பியூட்டி பார்லரில் நூலும் கையுமாக நிற்பவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை த்ரெடிங், அப்புறம் வேக்சிங், கல்யாணம் நிச்சயமானதும் லேசர் ‘பேக்கேஜ்’ என்று வருடங்கள் ஓடிவிடுகின்றன. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பூனைமுடி எல்லோருக்கும் உண்டு. அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வந்த ரோமமும் உண்டு. அதற்கெல்லாம் பதற வேண்டாம். ஆனால் மீசை, தாடை, மார்பு, அடிவயிறு என்று ஆண்களுக்கு வளரும் இடங்களில் தடித்து வளர்ந்தால், பெரும்பாலும் அது ஆண்ட்ரோஜன் ஹார்மோனின் வேலை. அப்படி வருபவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் காரணம், பிசிஓடி என்று நாம் சொல்லும் சினைப்பை நீர்க்கட்டி. கவனிக்காமல் விட்டால் சர்க்கரை நோய், குழந்தையின்மை வரை போகும். இது உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை கண்டறியப்படாமலே இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில மாதங்களுக்குள் முடி மளமளவென்று வளர்ந்து குரலும் கட்டையானால், சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கக்கூடும். அந்த முகத்தை வழித்து அனுப்புவது அழகு சேவை அல்ல, ஆபத்து.

லேசர் குற்றமில்லை. ஹார்மோனைச் சீராக்காமல் சிட்டிங் சிட்டிங்காகப் பணம் கறப்பதுதான் குற்றம். முடி திரும்ப முளைக்கும். சிலருக்கு முகத்தில் முன்னைவிடக் கூடுதலாகவே வளர்கிறது. மாநிறத் தோலுக்குப் பொருந்தாத கருவி சுட்டுத் தழும்பையும் தரும்.

இன்னொரு கொடுமை, ‘சிவப்பழகு’ என்று பூசிக்கொள்ளும் ஸ்டீராய்டு க்ரீம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பருக்கள் கிளம்பி, முகத்தில் முடியும் வளரும். இத்தகைய 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் உத்தரவிட்டது. இன்றும் பெயரைச் சொன்னால் எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன.

சீட்டில்லாமல் விற்கும் கடைகளின் உரிமத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கை வைக்க வேண்டும். அழகுக்கலைப் பயிற்சி தரும் ஐடிஐகள் இந்த அறிகுறிகளைப் பாடமாக்க வேண்டும். பார்லர் நடத்தும் சகோதரிகளே, தாடையில் தடித்த முடியோடு வரும் பெண்ணிடம் மாதவிலக்கைப் பற்றிக் கேளுங்கள். முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தின் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும் என்றும் சொல்லி அனுப்புங்கள். அதுவரை த்ரெடிங் செய்வதில் தவறில்லை.