பொங்கல் விருந்துக்குச் சுட்ட பன்னீர்

கேள்வி: பொங்கலுக்கு மகள், மருமகன் வருகிறார்கள். வீட்டுப் பாலில் பன்னீர் செய்தால் உதிர்கிறது. மடிநோய்க்கு ஊசி போட்ட பசுவின் பாலையும் சேர்க்கலாமா?
- வாசகி, காங்கேயம்

பதில்: வேண்டாம் அம்மா. ஊசி மருந்து பாலில் இறங்கும். காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. கால்நடை மருத்துவர் சொல்லும் நாள் வரை கறந்து கொட்டிவிடுங்கள். கன்றுக்கும் கொடுக்காதீர்கள். மனசு கேட்காதுதான்.

மற்ற பசுவின் பால் 2 லிட்டர் போதும். சுமார் 300 கிராம் பன்னீர் தேறும். கொதித்ததும் இறக்கி, எலுமிச்சைச் சாற்றை வெந்நீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நீர் தெளிந்ததும் நிறுத்துங்கள். திரிந்த பிறகும் அடுப்பில் கிடந்தாலோ, பாரம் போதாவிட்டாலோ உதிரும். சூடு ஆறுவதற்குள் துணியில் வடித்து, அம்மிக் குழவியை 1 மணி நேரம் ஏற்றிவையுங்கள்.

தயிர், மிளகாய்த்தூள், உப்பு பிசறி, தோசைக்கல்லில் சிவக்கச் சுட்டு, சூடாகவே பரிமாறுங்கள். வடித்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம்.