துடிப்பான பிள்ளையும் தனித்து நிற்கும் தாயும்

பண்டாரவளைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மார் காலையில் பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் ஒப்படைத்தே மலையேறுகின்றனர். ஓரிடத்தில் அமராத, சொன்னதை மறந்துவிடும் பிள்ளைக்கு அங்கும் பாடசாலையிலும் கிடைப்பது ‘குழப்படிக்காரன்’ என்ற பட்டமே. ஒரு சுவரைப் பகிரும் லயன் அறைகளில் அயலவரின் முறைப்பாடு வேறு. உலகில் நூற்றுக்குச் சுமார் 5 பிள்ளைகளிடம் காணப்படும் இக்கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, வளர்ப்பின் குற்றமன்று. தாயத்தாலோ பிரம்பாலோ தீர்வதுமன்று. மாணவனை ஆசிரியர் அறைந்த வழக்கொன்றில், 2021 இல் உயர் நீதிமன்றம் அதனை அடிப்படை உரிமை மீறலெனத் தீர்ப்பளித்தது.

சிறு பிள்ளைகளுக்கு மருந்தைவிடப் பெற்றோருக்கான பயிற்சியே முதற் சிகிச்சை. அதற்காக ஒருநாள் ‘பேரை’ இழந்து பதுளைக்கோ கொழும்புக்கோ செல்லுமாறு ஒரு தொழிலாளியிடம் கூறுவது நியாயமா? பிள்ளை மடுவப் பொறுப்பாளரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் தமிழிலேயே பயிற்றுவித்து, அதனைத் தோட்டத்துக்குக் கொண்டுவர மாகாண சுகாதாரத் துறை முன்வர வேண்டும். அப்பயிற்சியில் தந்தையரும் அமர்ந்தாக வேண்டும்.