எட்டுக்கு ஒண்ணு

"பந்து உதைக்கிறதுல என்னய்யா இலக்கியம் இருக்கு?"

பினாங்கு காற்பந்து அணி கிண்ணம் வென்ற 1974ஆம் ஆண்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரு மூத்த எழுத்தாளர் கேட்ட கேள்வி இது. கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதனால் பதிலைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 1968 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பினாங்கு சிலாங்கூரிடம் 8-1 என்று தோற்றது. எட்டுக்கு ஒண்ணு. மறு ஆண்டும் இறுதிக்குப் போனது. மறுபடியும் சிலாங்கூர், இந்த முறை 1-0. பிறகு 1974இல் பேராக்கை 2-1 என்று வீழ்த்திக் கிண்ணத்தைத் தீவுக்குக் கொண்டுவந்தது. நமாட், ஷஹாருடின் என்று அப்துல்லா வீட்டு அண்ணன் தம்பிகள், அலி, ஈசா என்று பாகார் வீட்டு அண்ணன் தம்பிகள் எல்லாம் கொடிகட்டிப் பறந்த காலம். 1953, 1954, 1958க்குப் பிறகு அது நான்காவது வெற்றி. அதுதான் கடைசி வெற்றியும். ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது, மலேசியக் கிண்ணம் மறுபடி பினாங்குக்கு வரவில்லை.

இப்போது அந்த இரண்டு எண்ணிக்கைகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1969இல் பினாங்கின் வரியில்லாத் துறைமுக அந்தஸ்து போனது. துறைமுகத்தை நம்பிய குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதே வருஷம் மே 13. அதன் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் அமலானது. சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். பலர் இதே பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்துக்கும் மெட்ராஸுக்கும் போனார்கள். போகாதவர்களின் பிள்ளைகளுக்கு 1972இல் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் திறந்தன. எட்டுக்கு ஒண்ணு என்று தோற்றபோது தலையில் கைவைத்து உட்கார்ந்த ஒருவன், ரெண்டுக்கு ஒண்ணு என்று ஜெயித்த சேதியைத் தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஒரு டீக்கடையில் ஆறு மாதம் கழித்து வந்த கடிதத்தில் படித்திருக்கலாம். ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அமெரிக்காக்காரனைப் பாருங்கள். பந்தைப் பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஓர் ஆட்டத்துக்கு அவன் ஃபுட்பால் என்று பேர் வைத்திருக்கிறான், அது போகட்டும். அதன் முதல் கல்லூரி ஆட்டம் என்று அவர்கள் சொல்வது 1869 நவம்பர் 6இல் நடந்தது. ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை 6-4 என்று வென்றது. ஒரு பக்கத்துக்கு 25 பேர் ஆடினார்கள். இவ்வளவும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஜெயித்தவனை மட்டும் எழுதினார்கள் என்றும் நினைக்காதீர்கள். 1916இல் கம்பர்லேண்ட் என்ற சின்னக் கல்லூரி ஜார்ஜியா டெக்கிடம் 222-0 என்று தோற்றது. அந்தத் தோல்வியைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். தெற்கு மாநிலக் கல்லூரிகள் பல பத்தாண்டுகள் கறுப்பு மாணவர்களைத் திடலுக்குள்ளேயே விடவில்லை. அதையும் அதே பக்கங்களில்தான் எழுதுகிறார்கள். ஒரு கல்லூரி அணியின் ஒரு பருவத்தைத் தொட்டால் ஊரின் சாதி, பணம், போர் எல்லாம் கூடவே வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்மிடம் வரும் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "அந்த டீம்ல தமிழன் எத்தனை பேரு?"

இந்தக் கேள்விதான் நம்மைக் கெடுத்தது. தமிழன் ஆடினால் பொன்னாடை, இல்லாவிட்டால் பேச்சே கிடையாது. 2010இல் கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா ஆசியான் கிண்ணம் வென்றபோது 'நம்மாளு' என்று குதித்தோம். குதித்தது சரிதான். ஆனால் அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் வாழ்த்துச் செய்தி. வாழ்த்துச் செய்தியில் மனுஷன் இருக்க மாட்டான், படம் மட்டும்தான் இருக்கும். சிட்டி ஸ்டேடியத்தில் கத்திய தமிழன், பந்தை உதைப்பவன் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டுவிட்டா கத்தினான்? நமாட் அப்துல்லா பந்தைத் தடுத்தபோது தொண்டை கிழிந்தது இவனுக்கும்தானே. மே 13க்கு ஐந்தே வருஷம் கழித்து ஒரே வரிசையில் மலாய்க்காரனும் சீனனும் தமிழனும் உட்கார்ந்து ஒரே கோலுக்கு எழுந்து நின்றார்கள். அந்தத் தொண்ணூறு நிமிஷம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போனபோது என்ன ஆனது என்பது எனக்கு இன்னும் முக்கியம்.

சரி, தமிழன் ஆடினால் மட்டும் எழுதிவிட்டோமா? கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்ட ஆள். 1980இல் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் இருந்தவர். அரசியல் காரணத்தால் அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்தது. 1988இல் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த அணியை மனதில் வைத்து 2016இல் 'ஓலா போலா' என்று ஒரு படம் வந்தது. அதில் முத்து என்ற கோல்கீப்பரின் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். படத்தை எடுத்தவர் சியூ கெங் குவான், ஒரு சீனர். தமிழ்க் கோல்கீப்பரின் வீட்டுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போக அவருக்குத் தோன்றியிருக்கிறது. பேனாவோடு போக நமக்கு ஏன் தோன்றவில்லை?

என் சந்தேகம் இதுதான். நம் இலக்கியம் துக்கத்தை மட்டும்தான் நம்புகிறது. சயாம் மரண ரயிலுக்கு ஆர். சண்முகத்தின் நாவல் இருக்கிறது, அ. ரெங்கசாமியின் நாவல் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். கித்தா மரத்துக்கும் கள்ளுக்கடைக்கும் இருக்கும் சிறுகதைகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அதே தோட்டத்தில், லயத்துக்குப் பக்கத்திலேயே, ரெண்டு கோல் கம்பம் நட்ட திடல் ஒன்று இருந்தது. காலையில் பால் வெட்டியவன் சாயங்காலம் அங்கேதான் வெறுங்காலோடு ஓடினான். கதைக்குள் அவன் வந்ததும் அந்தத் திடலை அழித்துவிடுகிறோம். சந்தோஷமாக ஓடுகிற கூலி நம் கருணைக்கு இடைஞ்சல் போலிருக்கிறது.

தமிழில் முடியாது என்றும் சொல்ல முடியாது. அசோகமித்திரன் '18வது அட்சக்கோடு' நாவலில் நிஜாமின் ஆட்சி ஆட்டம் காணும் நாட்களில் சந்திரசேகரனைக் கிரிக்கெட் ஆட விடுகிறார். கிரிக்கெட்டை எடுத்துவிட்டால் அந்தப் பையனின் வயசே போய்விடும்.

அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 பிப்ரவரி முதல் தேதியோடு நின்றுவிட்டது. தலையங்கத்தை யாராவது வெட்டி ஒட்டி வைத்திருப்பார்கள். விளையாட்டுப் பக்கத்தில் கச்சான்தான் மடித்திருப்பார்கள். சிங்கப்பூரின் 'தமிழ் முரசு' பழைய இதழ்கள் அந்த நாட்டுத் தேசிய நூலகத்தின் இணையச் சேமிப்பில் கிடைக்கின்றன. பினாங்குக்காரன் தன் ஊர் ஆட்டத்தைப் படிக்க சிங்கப்பூரின் கதவைத் தட்ட வேண்டும்.

இன்னொரு சேமிப்பு நாசி கண்டார் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருக்கிறது. 1974இல் இருபது வயசு என்றால் இப்போது எழுபதுக்கு மேல். பாலம் 1985இல்தான் வந்தது, அதனால் பிறையிலிருந்து ஃபெரியில்தான் வந்திருப்பார்கள். டிக்கெட் காசு எங்கிருந்து கிடைத்தது, ஆட்டம் முடிந்து திரும்பும்போது ஃபெரியில் யார் பாடினார்கள், வீட்டில் அடி விழுந்ததா என்று போய்க் கேளுங்கள். 'சாதனை' என்ற வார்த்தையை மட்டும் எடுக்காதீர்கள், எடுத்தால் அவர்களும் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

அப்படியே 1977ஐயும் கேளுங்கள். அன்று இறுதியாட்டத்தில் பினாங்கு சிங்கப்பூரிடம் 3-2 என்று தோற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் குவா கிம் சோங். சிங்கப்பூர் அணியின் கேப்டன் சமது அல்லாபிச்சை, கூடவே எஸ். ராஜகோபால். சூலியா தெருவில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த நம்மாட்கள் அந்த ரெண்டு பேரையும் அன்றைக்கு என்ன சொல்லித் திட்டினார்கள்?