ஆளுக்கு ஒரு பாட்டு

போன தீபாவளிக்கு முந்தின வாரம் என் கைப்பேசி குளியலறை வாளியில் விழுந்தது. போனது போகட்டும் என்று விட முடியவில்லை. அம்மா பாடிய பதினோரு பாட்டுகள் அதற்குள் இருந்தன. வேறெங்கும் ஏற்றி வைக்காதது என் சோம்பல்.

மலேசியாவில் யோங் பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர் அம்மா. வயது எண்பத்து நான்கு. மறுபடி பாடச் சொன்னால் நான்கைந்துக்கு மேல் வரவில்லை. "மரமே போயிருச்சு, பாட்டு எங்கேருந்து வரும்?" என்கிறார். அங்கே இப்போது முழுக்கச் செம்பனை.

அம்மாவின் தாலாட்டில் மாமன் சீர் கொண்டு வருவார். கூடவே விடியலில் ஆளெடுக்கும் பெரட்டு மணி அடிக்கும், பால் வடியும் மங்கு நிறையும், தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கு ஒரு வசவும் விழும். பிள்ளையைத் தூங்க வைக்கிற சாக்கில் சம்பளக் குறையைச் சொல்லி அழுத பாட்டு அது. தமிழ்நாட்டில் தேடினாலும் இது கிடைக்காது.

இப்படிப்பட்ட பாட்டுகளைக் காப்பாற்றிய ஊர் ஒன்று உண்டு. என் தங்கை மகள் எஸ்தோனியாவின் தார்த்து நகரில் கணினி படிக்கிறாள். 1632இல் பல்கலைக்கழகம் தொடங்கிய ஊர். மக்கள்தொகை ஒரு லட்சம்கூட இல்லை. அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தின் படங்களை அனுப்பியிருந்தாள். சோவியத் காலத்து விமான ஓடுபாதையே மேலேறிக் கூரையானது போன்ற கட்டடம், 2016இல் திறந்தார்கள். அருங்காட்சியகம் அதைவிடப் பழையது. யாக்கோப் ஹுர்ட் என்ற பாதிரியார் சேர்த்து வைத்துவிட்டுப் போன பாட்டுகளையும் கதைகளையும் காப்பாற்றத்தான் 1909இல் அதைத் தொடங்கினார்களாம்.

அந்தப் பக்கத்தில் பண்ணையடிமை முறை ஒழிந்ததே 1819இல். படித்தவர்களின் மொழி ஜெர்மன். எஸ்தோனியம் பண்ணையாட்களின் பேச்சு. ஹுர்ட் 1888இல் செய்தித்தாளில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் ஊர்ப் பாட்டை, கதையை, பழமொழியை எழுதி அனுப்புங்கள். பாடுகிறவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஏறக்குறைய 1,400 பேர் அனுப்பினார்கள், ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல். யார் என்ன அனுப்பினார் என்பதையும் அவர் செய்தித்தாளிலேயே தெரிவித்து வந்தார். தன் பெயரை அச்சில் பார்த்த குடியானவன் அடுத்த கட்டை அனுப்பாமல் இருப்பானா?

வெள்ளைக்காரன் ஊரில்தான் இதெல்லாம் நடக்கும் என்று சொல்ல வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், அங்கே தொடங்கவிருந்த இந்திய இயல் துறையில் தமிழா சமஸ்கிருதமா என்ற பேச்சு எழுந்தது. பத்திரிகை ஆசிரியர் கோ. சாரங்கபாணி தம் தமிழ் முரசு நாளிதழில் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. மரம் வெட்டியவர்களும் மூட்டை தூக்கியவர்களும் கொடுத்தார்கள். 1956இல் துறை வந்தது, தமிழ் நிலைத்தது. பத்து வருடத்தில் அதே துறையின் தனிநாயகம் அடிகள் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திக் காட்டினார்.

அப்போது வெள்ளி கேட்டது பத்திரிகை. இப்போது பாட்டுக் கேட்கட்டும். ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் போதும்: பாட்டு, பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், எழுதி அனுப்பிய பேரனின் பெயர். தனியாள் முயற்சிகள் இல்லாமல் இல்லை. முத்தம்மாள் பழனிசாமி 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' எழுதினார். முரசு நெடுமாறன் நூறாண்டு மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் திரட்டி 1997இல் களஞ்சியமாகத் தந்தார். ஒவ்வொரு லயத்துக் கிழவியிடமும் ஒருவரே போய் உட்கார முடியுமா? அதற்கு ஆயிரம் பேரப்பிள்ளைகள் வேண்டும். ஒரு விழாவின் பொன்னாடைச் செலவில் ஓராண்டுத் தபால் செலவை முடித்துவிடலாம்.

ஒரு பயம் உண்டு. நம் ஆட்கள் கையில் கிடைத்தால் முதலில் பாட்டைக் குளிப்பாட்டுவார்கள். மலாய்ச் சொல்லை எடுத்துவிட்டு நல்ல தமிழ் போடுவார்கள்; கெட்ட வார்த்தையை நீக்குவார்கள்; சாதிப் பேச்சை மூடி மறைப்பார்கள். கிராணியைத் திட்டாத தாலாட்டு எனக்கு வேண்டாம்.

முந்தாநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா ஓர் ஒப்பாரியை இழுத்தார். இந்த முறை நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். நடுவில் ஒரு சொல் புரியவில்லை. என்னம்மா அது என்றேன். "எங்கம்மா அப்படித்தான் பாடுவாங்க" என்றார். காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறேன்.