பாட்டு யார் காதுக்கு?

கமுந்திங் ராயா பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் இளையோர் பலரின் காதில் ஹெட்போன் இருக்கும். அருகருகே அமர்ந்திருந்தாலும் ஒருவர் கேட்கும் பாடல் மற்றவருக்குத் தெரியாது. 1979-இல் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது முதல் இசை இப்படித் தனியுடைமை ஆகிவருகிறது.

முன்பு பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்ட லயங்களில் நிலைமை வேறு. ஒரு வீட்டில் வானொலி பாடினால் பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும். பால்மரம் வெட்டித் திரும்பிய தாத்தாவும் பள்ளி விட்டு வந்த பேரனும் கேட்டது ஒரே பாட்டுதான். பேரன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனாலும் டி. எம். சௌந்தரராஜனையும் பி. சுசீலாவையும் குரலை வைத்தே அடையாளம் கண்டான். பாட்டோடு நல்ல தமிழ்ச் சொற்களும் அவன் நாவில் ஏறின. ஹெட்போனில் இதற்கு வாய்ப்புக் குறைவு. பிடித்த பாடலே திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

ஒலிபெருக்கிக்கும் குறை உண்டு. தாமான் வரிசை வீடுகளில் இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான். அடுத்த வீட்டில் ஒருவர் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். இரவில் ஹெட்போனே நல்லது. அதற்கும் அளவு வேண்டும். பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிறுவர்களுக்கு 75 டெசிபல்தான். பேருந்து இரைச்சலை மீற ஒலியைக் கூட்டுவோர் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுவர்.

மாலையில் ஒரு மணி நேரமாவது வரவேற்பறையில் எல்லாருக்கும் கேட்கும்படி பாட்டு ஒலிக்கட்டும். இன்று பாட்டியின் விருப்பம், நாளை பேத்தியின் ராப். பாட்டி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.